மணிக்கட்டு, இரண்டு படங்கள்

சேதம்மா, பாம்பன், சின்னப்பாலம்.
பாசி எடுக்கையில் பாரில் வழுக்கிய இடது கை.

புது மெஷின் நாலு நொடியில் காட்டிவிட்டது.
வெளிச்சம் கூட்டினேன், குறைத்தேன்.
கட்டைவிரல் அடியில் படகெலும்பு;
பெருக்கப் பெருக்கக் கட்டம் கட்டமாய்ச் சிதறியது.
விரிசல் எலும்பிலா, திரையிலா?

மிச்சமிருந்த ஃபிலிமில் ஒன்று எடுத்தேன்.
இருட்டறை, புளித்த மருந்துவாடை.
ஈரம் சொட்ட ஜன்னலில் பிடித்தால்
வலைக்கண்ணாய் எலும்பின் இழைகள்,
நடுவே மயிர்க்கோடு ஒன்று.
முறிவோ, என் நகம் பட்டதோ.
இதில் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை.

"படகெலும்பா?" சிரித்தாள்.
"அப்ப ஓட்டை எங்கன்னு தண்ணிக்குல்ல தெரியும்."

மாவுக்கட்டு. பத்து நாளில் மறுபடம்.

சிடியை மேசையிலேயே விட்டுவிட்டு
ஃபிலிமை மட்டும் கேட்டு வாங்கினாள்,
வெயிலில் பிடித்துப் பார்க்க.