கட்டணப் பிரிவு

தம்புச் செட்டித் தெருவில்
கயிற்றுக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
படியெல்லாம் தேங்காய்நார் வாசனை, திருப்பத்தில் தார்,
அப்புறம் ஒரு பித்தளைப் பலகை:
அனைத்துலக சமாதானச் சங்கம். தலைமையகம்.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கணக்கெடுக்க ஏறுகிறேன்.
பதினேழு யூனிட். பத்தொன்பது யூனிட்.
ஒரு விசிறி, ஒரு குழல்விளக்கு,
உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான் செலவு.

செயலாளர் யூனிஸ் ஞானப்பூ அம்மாளுக்கு
என்னோடு ஒரே வழக்கு:
"எங்களை ஏன் வணிகத்தில் போட்டிருக்கிறீர்கள்?
நாங்கள் என்ன விற்கிறோம்?"
வீடு, கடை, ஆலை, கோயில்
எல்லாவற்றுக்கும் பிரிவு உண்டு அம்மா,
இதற்கு இல்லை என்றேன்.
பன்னிரண்டு மனு. பன்னிரண்டு ரசீது.

ஆரம்பக் கதை அவர் சொல்லித்தான் தெரியும்.
ஐம்பத்திரண்டில், துறைமுகத்தில்,
ஒரு வெங்காய மூட்டைக்காக
இரண்டு கப்பல் ஆட்கள் கொக்கியை ஓங்கினார்கள்.
மூட்டை எண்ணிக்கொண்டிருந்த தேவசகாயம்
நடுவில் போனார். சமாதானம் பேசவில்லை.
"நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா, எண்ணவிடுங்கள்" என்றுதான் கத்தினார்.
முன்பல் ஒன்று போயிற்று.
அன்றிரவு ஆஸ்பத்திரியில்
பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலாய்க் கிடந்த நார்வே மாலுமி,
கஞ்சி கொண்டுவந்த, கப்பல்களுக்கு அரிசி விற்ற
அபுல்காசிம் மரைக்காயர்,
அவருமாக மூன்று பேர்.
மூன்று தேசமா என்றால் இல்லை,
இரண்டுதான். ஆனாலும் அனைத்துலகம் என்று எழுதிக்கொண்டார்கள்.
எண்ணிக்கைச் சீட்டின் பின்பக்கத்தில்
நீலப் பென்சிலில் முதல் தீர்மானம்:
பல்லுக்குப் பல் கேட்பதில்லை.
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது
மீட்டர் பெட்டிக்கு நேர் மேலே.
முன்பக்கம் சுவரைப் பார்த்திருக்கிறது.
நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா,
யாருக்கும் தெரியாது.

இந்த முறை
அம்மாளும் மரைக்காயரின் பேரனும் மட்டும் இருந்தார்கள்.
"மூன்று பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது.
கயிற்றுக் கடைக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.
ஐந்து நிமிடம் உட்காருங்கள்."
உட்கார்ந்தேன்.
தீர்மானம் ஒன்று: இரு நாடுகளும் உடனே போரை நிறுத்தவும்.
தீர்மானம் இரண்டு: விசிறிக்குக் கண்டென்சர், ரூபாய் நூற்றைம்பது.
இரண்டுக்கும் கை தூக்கினேன்.
கையெழுத்துக்கு எதிரே நாடு என்று ஒரு கட்டம்.
பிரிவு அலுவலகம், மண்ணடி என்று எழுதினேன்.
அம்மாள் ஒன்றும் சொல்லாமல் மையை ஒற்றினார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் ஞாபகம்,
மீட்டர் பார்க்கவே இல்லை.
மறுபடி ஏறினேன்.
பதினெட்டு.