மூணு எழுபத்தைந்து

ருவியில் வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை.
காலண்டருக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.
ஏழு மணிக்குத் தெலுங்கு, ஒன்பதரைக்கு மலையாளம்,
பதினொன்றே காலுக்குத் தமிழ்.
முந்தைய சபையின் அத்தர் வாசம் போகுமுன்
அதே நாற்காலிகளில் நாங்கள்
வேறு மொழியில் தலை குனிவோம்.

போதகர் ராஜநாயகம் ஆண்டு மலருக்குக் கேட்டார்:
"பக்தியாய் ஒரு கவிதை, தம்பி. ஒரு பக்கத்துக்குள்."
எழுதினேன்.
ஒரே பக்கத்தில் கர்த்தர் ஏழு முறை வந்தார்,
கிருபை நாலு முறை.
கல்வாரிக்கு எதுகையாகச் சொல்மாரி.

எப்சிபாவிடம் காட்டினேன்.
ரத்த வங்கியில் வேலை அவளுக்கு.
எதையும் சுழலவிட்டுப் பிரித்துப் பார்க்கிற கை:
செல் தனி, பிளாஸ்மா தனி.
ஒவ்வொரு கர்த்தரையும் பென்சிலால் வட்டமிட்டாள்.
"இங்கெல்லாம் நீ பார்க்கிறதை நிறுத்திட்ட.
தும்மினாலும் ஸ்தோத்திரம், லிப்ட் வந்தாலும் ஸ்தோத்திரம்.
வார்த்தை வந்து உட்கார்ந்ததும் கண் மூடிக்குது.
ஜெபத்தில் மூடிக்கோ. இதில் மூடாதே."

கோபம் எனக்கு.
விமர்சனம் விசுவாசமில்லாதவர்கள் வேலை என்று
முனகிக்கொண்டே பஸ் ஏறினேன்.
பாடகர் குழுவில் ஆல்டோ அவள்தான்,
காணிக்கை எண்ணி ரசீது எழுதுவதும் அவள்தான் என்பது
சீப் தாண்டியபிறகே நினைவுக்கு வந்தது.

என் வேலை பர்காவில்,
கடலிலிருந்து உப்பை எடுப்பது.
உப்பாயிருங்கள் என்று பிரசங்கம் வரும்போதெல்லாம்
என் காது லேசாகக் கூசும்.
இரவும் பகலும் நான் துரத்துவது அதைத்தானே.
நூறு பங்கு கடலுக்கு நாற்பது பங்கு குடிநீர்.
மிச்சம் அறுபது
முன்னைவிடக் கரித்துக்கொண்டு
கடலுக்கே திரும்பிப்போகும்.
இதை எந்தக் கவிதையிலும் நான் எழுதியதில்லை.
தகாது என்று யார் சொன்னார்கள்?
யாரும் சொல்லவில்லை.

நவம்பரில் கடல் சிவந்தது.
பாசி.
ரத்தம் என்று எழுதிவிடாதே, மோசேயின் கோலைத் தேடாதே என்று
ஒரு பென்சில் என் தலைக்குள் கீறியது.
வடிகட்டிகள் அடைத்தன.
நீர் எடுக்கும் வாயை மூடினோம்.
கரையில் மத்திகள் வெள்ளை வயிறு காட்டிக் கிடந்தன,
நாற்றம் ஹெல்மெட்டுக்குள்ளும் வந்தது.
ஊருக்கான தொட்டியில் பத்தொன்பது மணி நேரத் தண்ணீர்.

விடியலுக்கு முன் காசிம் அல் பலூஷி
ஓய்ந்துபோன பம்புகளுக்கு நடுவே
ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துத் தொழுதார்.
நான் அளவுமானி எதிரே நின்றேன்.
கண்ணை மூடவில்லை.
நாலு மீட்டர் பத்து.
மூணு தொண்ணூறு.
மூணு எழுபத்தைந்தில்
என் வாய் ஒரு வார்த்தையைச் சொன்னது.
மலருக்காக அல்ல. எதுகைக்காகவும் அல்ல.
சொன்னபிறகுதான் அது தமிழென்றே தெரிந்தது.

அதை எழுதினேன்:
தொட்டி, முள், மத்தி,
காசிமின் நெற்றியில் ஒட்டியிருந்த அட்டைத் தூள்.
கடைசிக்கு முந்திய வரியில்
ஒரே ஒரு கர்த்தாவே.

போதகர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.
"தம்பி, இதில் ஆண்டவர் எங்கே?"
கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்.
கேலியில்லை அந்தக் கேள்வியில்,
நிஜமாகவே தேடியிருந்தார்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
அந்தப் பக்கத்தில் இப்போது
சோபா கடை விளம்பரம்.

எப்சிபா பென்சிலை
அந்த ஒற்றைச் சொல்லின் அருகே
வெகுநேரம் பிடித்திருந்தாள்.
வட்டம் போடவில்லை.
"மூணு எழுபத்தைந்துக்குப் பிறகு?"
"இறங்கிச்சு."
"அதையும் எழுது" என்றாள்.