ஏழாம் எண் படகு

பிள்ளைகளோடு வந்திருக்கிறோம்,
செவில்யாவில் என்ன பார்க்கலாம் என்பார்கள்.
கையில் மடித்த தாள் இருக்கும்,
தாளில் பதினொரு இடம் இருக்கும்,
கடைக்குட்டிக்கு ஒரு செருப்பு இருக்காது.

திரியானா பாலத்தடியில்
மிதிபடகு வாடகைக்கு விடுகிறவள் நான்.
விலைப்பலகை வெயிலில் வெளுத்துப்போனது,
எண்களை மட்டும் மறுபடி தீட்டியிருக்கிறேன்.

கோபுரத்துக்குப் போங்கள் என்பேன்.
உள்ளே சரிவுப் பாதைதான்,
அந்தக் காலத்தில் குதிரை ஏறிய வழி என்பார்கள்.
நீதான் குதிரை என்று சொல்லிவிட்டால்
எந்தப் பிள்ளையும் தூக்கச் சொல்லி அழாது.
மணி அடிக்கும்போது காதைப் பொத்து என்பீர்கள்,
பொத்தாது.

தெருவோர ஆரஞ்சைப் பற்றி
முன்கூட்டி வாய் திறக்க மாட்டேன்.
எட்டிப் பறித்து, கடித்து,
முகம் கோணி
அப்பா சட்டையில் துப்பட்டும்.
அதற்குக் கட்டணம் இல்லை.

மே மாதமென்றால் நத்தை,
சின்னக் கண்ணாடித் தம்ளரில், சுடச்சுட.
கொம்பைப் பார்த்து அலறிய பிள்ளைதான்
மூன்றாவது தம்ளர் கேட்கும்.

பகல் மூன்று மணிக்கு
எங்கேயும் போகாதீர்கள்.
ஜன்னலைச் சாத்துங்கள். படுங்கள்.
இந்த ஊரின் ஆகச்சிறந்த இடம் அதுதான்,
தாளில் போட மறந்துவிட்டார்கள்.

நேற்று ஒரு குடும்பம்.
வடக்கே வித்தோரியாவிலிருந்து, மழை ஊர்.
பையன் ஓயெர் மஞ்சள் மழைக்கோட்டைக்
கழற்றவே மாட்டேன் என்றான்.
வானத்தை அவன் இன்னும் நம்பவில்லை.
அக்கா கராசிக்கு ஒன்பது வயதிருக்கும்.
அம்மா பாலத்தைப் பார்த்தாள்,
அப்பா தண்ணீரைப் பார்த்தான்.
"சில்லறை இருக்கிறதா என்று அப்பாவைக் கேள்."
"இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்."
மழைக்கோட்டு நடுவில் நின்று
தந்தி அலுவலகம் நடத்தியது.

மற்ற படகெல்லாம் வெளியே.
ஏழு மட்டும் கட்டியிருந்தது.
ஏழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்,
அது இடப்பக்கம்தான் போகும்.
சுக்கான் வளைந்து மூன்று கோடை ஆயிற்று.
முதலாளி எவுலோகியோ திங்கள்தோறும்
"இந்த வாரம் பார்த்துவிடலாம்" என்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
வெள்ளத்துக்குப் பயந்து
ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்கள்.
இங்கே இருப்பது மிச்சம்,
ஒரு முனையில் மண், ஒரு முனையில் மதகு.
யாரையும் இழுத்துக்கொண்டு போகாது.
அதனால்தான்
உங்கள் பிள்ளைகளை இதில் விடுகிறோம்.

முதல் சுற்று: "நீ மிதிக்கவில்லை."
கரைவரை கேட்டது.
இரண்டாம் சுற்று: "நீ அதிகம் மிதிக்கிறாய்."
இப்போது தந்தி இல்லை, நேர்ப் பேச்சு.
மூன்றாம் சுற்றில் ஓயெர் எழுந்து நின்று
"மறுபடியும் அதே வாத்து!" என்று அறிவித்தான்.
நான்காம் சுற்றில்
வாத்துக்கு வணக்கம் வைத்தான்.
ஐந்தில் கராசி வலப்புறம் சாய்ந்து
செருப்பைக் கழற்றித் துடுப்புப் போட்டாள்,
அது நழுவிற்று.
அப்போதுதான் அந்த அம்மா சிரித்தாள்,
மூக்கு வழியாக, அடக்கப் பார்த்துத் தோற்று.
அவனும் தொடங்கிவிட்டான்.
யாரும் மிதிக்கவில்லை.
படகு தன் பாட்டுக்கு
இடப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

நேரம் முடிந்ததென்று கையசைத்தேன்.
அவர்களும் கையசைத்துவிட்டு
இன்னொரு சுற்றுப் போனார்கள்.

கரையேறும்போது கராசி அப்பா தோளில்,
ஒற்றைக் கால் வெறுங்கால்.
"பசிக்கிறதா?" என்றான் மனைவியிடம்.
"மழைக்கோட்டைக் கேள்" என்றாள்,
சிரிப்பு இன்னும் தீராமல்.

ஐம்பது நிமிடம்.
அரைமணிக்குத்தான் வாங்கினேன்.
தாராள மனசு என்று நினைக்க வேண்டாம்.
படகு கோணலென்று தெரிந்தால்
அதையும் திருப்பிக் கேட்பார்கள்.

இன்று காலை
செருப்பு தானாகவே வந்து
படித்துறையில் முட்டிக்கொண்டிருந்தது.
விலைப்பலகை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
பச்சை. இடது கால்.
யாராவது வித்தோரியா பக்கம் போனால் சொல்லுங்கள்.