அடியில் காற்று

கடைக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால்
துளை போட்டோம்.
எட்டு மீட்டர் ஆழம், பன்னிரண்டு துளைகள்.
யாகுத்ஸ்கில் மார்ச் தொடக்கம்.
துளைபோட வந்தவரின் மீசைமேல்
பனி தனக்கும் ஒரு மீசை வளர்த்திருந்தது.

முதலில் பாதி
முதலிலேயே மண்ணுக்குள் போயிற்று.
இன்னும் ஒரு ரொட்டிகூட வேகவில்லை.

"இந்தக் காசுக்கு
இரண்டாவது அடுப்பே வாங்கியிருக்கலாம்"
என்றான் துலுஸ்தான், என் கணவன்.
"மண் என்ன, கல் மாதிரிதானே இருக்கிறது!"
குதிகாலால் தட்டியும் காட்டினான்.

கல் மாதிரிதான்.
எங்கள் மண் எந்தக் காலத்திலும் கல் மாதிரிதான்,
அதன்மேல் சூடாக எதையும் வைக்காதவரை.

நான் வைக்கப்போவது ரொட்டிக்கடை.

பக்கத்து மனையில் ஒரு டயர்கடை.
மண்மேல் நேராகத் தளம் போட்டு
மூன்றே வாரத்தில் திறந்துவிட்டார்கள், பலூன் கட்டி.
அதற்குப் பிறகு இரண்டு கோடை வந்துபோனது.
இப்போது உள்ளே ஒரு நட்டைத் தரையில் போட்டால்
தானாகவே உருண்டு வாசலுக்கு வருகிறது
வாடிக்கையாளரை வரவேற்க.
கதவு ஜனவரியில்தான் சரியாகச் சாத்தும்.
கெட்டிக்காரர்கள்; தினமும் கணக்கு எழுதுகிறவர்கள்.
வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம்.
சாய்வை எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான்
அவர்களுக்குத் தெரியவில்லை.

தூண்களை இறக்கிச் சேற்றுக் குழம்பை ஊற்றினோம்.
அதைப் பிடித்துக்கொள்வது
சிமெண்ட் அல்ல, குளிர்.
குளிரை அவசரப்படுத்த முடியாது.
வேலை எதுவும் நடக்கவில்லை.
வட்டி மட்டும் நடந்தது.

அந்த நாட்களில்தான்
ஒக்தியாப்ரினாவிடம் ஒரு தாளை நீட்டினேன்.
துலுஸ்தானின் அக்கா.
பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அவளுடையது,
மாவு பிசையப்போகும் கைகள் இரண்டும் அவளுடையவை.
யார் எவ்வளவு போட்டோம்,
விடிகாலை மூன்று மணிக்கு யார் எழுவது,
நஷ்டம் வந்தால் எப்படி,
ஒருத்தி போதுமென்று எழுந்து போனால் எப்படி,
வீட்டுக்கு எடுத்துப்போகும் ரொட்டிக்குக் கணக்கு உண்டா
(உண்டு).

அவள் படிக்கவே இல்லை.
"நமக்குள்ளே எதற்கு இது?"
தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.
நான்கு நாள் பேச்சில்லை.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
வீட்டுக்குள் அளக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவளாகவே மனைக்கு வந்தாள்.
தூண்கள்மேல் உத்தரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
மண்ணுக்கும் தளத்துக்கும் நடுவே
ஒன்றரை மீட்டர் வெட்டவெளி.
அந்தப் பக்கம் நுழைந்த நாய்
இந்தப் பக்கம் வந்து எங்களைப் பார்த்தது.

"இதை அடைத்தால் மாவு மூட்டை அடுக்கலாமே?"
"அடைத்தால் அடுப்புச் சூடு மண்ணில் இறங்கும்."
"சும்மா காற்றுதானே போகிறது?"
"அது போகத்தான் இவ்வளவு செலவு."

குனிந்தபடியே வெகுநேரம் நின்றாள்.
பிறகு கையுறையைக் கழற்றிப் பேனா கேட்டாள்.
மை உறைந்திருந்தது.
வாயருகே வைத்து ஊதி ஊதி இளக்கி
ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.
எழுந்து போகும் வரியில் மட்டும்
"ஆறு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும்"
என்று சேர்த்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.
நல்ல திருத்தம். எனக்குத் தோன்றாதது.

ஆகஸ்டில் திறந்தோம். பலூன் இல்லை,
அதற்கு மிச்சமில்லை.
போணி செய்தவர் டயர்கடைக்காரர்.
ஒரு ரொட்டி கேட்டார்,
சில்லறையைப் பலகைமேல் கொட்டினார்.
அதில் ஒரு பத்து ரூபிள் நாணயம்
படுக்காமல் விளிம்பில் நின்றுவிட்டது.
உருளவில்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்,
ரொட்டியை எடுக்கவும் மறந்து, வெளியே நடந்தார்.

ஒக்தியாப்ரினா ரொட்டியோடு பின்னால் ஓடினாள்,
நோட்டில் எழுதிவிட்டு.