உப்புக் கணக்கு

தனக்கில் பாலையில் பாளம் நெம்புகிறான் ஹுமேத்.
கண்ணுக்கெட்டிய மட்டும் உப்பு.
வெயில் நாற்பத்தெட்டு.
உள்ளே முப்பத்தேழுதான்;
கொஞ்சம் ஏறினாலும்
நெற்றி கசிந்து இறக்கிவிடுகிறது.

கசிவதும் உப்புத்தான்.
சட்டை முதுகில் வெள்ளை வரைபடம்.

ஒட்டகத்தில் ஏறும் ஒவ்வொரு பாளத்துக்கும்
தரகர் ஹகோஸ் கோடு போடுகிறார்.
தினமும் இரண்டு விட்டுப்போகும்,
தகராறு வரும்.

விலாவுக்குப் பின்னால்
முஷ்டியளவு இரண்டு பேர்
இருட்டில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்.
அங்கே தகராறே இல்லை.

மத்தியானம் ஒதுங்கினான்.
நாலே சொட்டு, கடுந்தேநீர் நிறம்.
“கஞ்சப் பயல்கள்” என்று சிரித்து
தோல்பையில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தான்.

பிறகு, உள்ளிருந்து யாரோ கேட்டதுபோல,
கையிலிருந்த பாளத்தின் விளிம்பை
ஒருமுறை நக்கினான்.

ஹகோஸ் பார்க்கவில்லை.