உள்ளே என்ன

படிவத்தில் ஒரு கட்டம்: உள்ளே என்ன?
முதலில் பழச்சாரு என்றெழுதி,
அடித்து, பழச்சாறு ஆக்கியிருந்தாள்
கந்தப்பளை ஸ்டெல்லாமேரி.
பெட்டியை முகர்ந்தேன்.
ஸ்ட்ரோபெரி, ஈஸ்ட், கொஞ்சம் கிராம்பு.
எடை மட்டும் சொன்னேன்.
முந்நூற்றைம்பது ரூபாய்.

எங்கள் கூரியரில்
டிரைவர் நான், கிளார்க்கும் நான்.

தலவாக்கலை தாண்டிக் கொழுந்து லொறி கவிழ்ந்து
ஒரு மணி நேரம் வெயிலில் நின்றோம்.
பின்னால் 'டப்' என்றது.
இன்னும் பொங்கி அடங்காத சரக்கு
மூடியைத் தள்ளிவிட்டு,
ஒரு பிள்ளையின் வெள்ளைச் சீருடையில் இறங்கி,
குவைத்துக்குப் போகிற யாரோ ஒருத்தியின்
மெடிக்கல் ரிப்போர்ட்டை நனைத்து,
கதவிடுக்கில் சொட்டியது.

கொட்டகலைச் சோதனையில்
கான்ஸ்டபிள் விசிலை விழுங்கினார்.
"ரத்தமா?"
"இல்ல சேர், வைன்."
அப்போதுதான் முகம் கடுத்தது.
ரத்தமென்றால்
ஆஸ்பத்திரிக்கு வழி காட்டியிருப்பார்.

மதுவரிக்காரர் குலதுங்க வந்தார்,
கையில் அளவுக் குவளை.
உடைந்த கண்ணாடியில் மிஞ்சியது
இரண்டு தேக்கரண்டி.
அதற்கு மூன்று பிரதி எழுதினார்.

எதிரே தவறணை.
மறுநாள் போயா,
இன்றே வாங்கிவிட வரிசை
பஸ் தரிப்பிடம் வரைக்கும்.
சாராயப் போத்தல் ஒவ்வொன்றின் கழுத்திலும்
அரசாங்கத்தின் ஸ்டிக்கர்.
சட்டத்தை எனக்குப் பொறுமையாகத்தான் விளக்கினார்:
மனுசன் போத்தலைத் தேடிப் போகலாம் தம்பி,
போத்தல் மனுசனைத் தேடிப் போகக் கூடாது.
எனக்கது விளங்கவும் செய்தது,
அதுதான் கரைச்சல்.
எங்கள் லயத்துக்கு வீடு தேடி வந்த
கசிப்புக் கேன்களை
எண்ணியவன் நான்.

இடையில் போன் அடித்தது, நோர்வூட் ஆக்னஸ்.
"முந்திரியும் இஞ்சிப்பாகும் வெட்டி வச்சாச்சு,
ஊறப்போட வைன்தான் பாக்கி.
கேக்குக்கு நாள் இல்லியே,
எங்க வர்றீங்க?"
குலதுங்க என்னைப் பார்த்தார்.
"ரோட்டு பிளாக்" என்றேன்.

அனுப்பினவர் பெயர்?
படிவம் ஊறிப்போய்
நீல மையும் சிவப்பும் கலந்து
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குளம்.
வாசிக்க முடியல சேர், என்றேன்.
அவரும் தூக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில்,
தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம்.
"தெளிவில்லை" என்று எழுதினார்.
தண்டம் என் பெயரில்.

சீருடைக்காரப் பிள்ளைக்கு நான் என்ன சொன்னேன்
என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

வியாழக்கிழமை, கந்தப்பளைச் சந்தி.
முந்நூற்றைம்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கி,
எண்ணாமல் திரும்ப நீட்டினாள்,
புதுப் பெட்டியோடு.
கட்டத்தில் இம்முறை அடித்தல் திருத்தல் இல்லை:
ஜாம்.

தராசில் வைத்தேன்.
முள் நிற்கவில்லை.
உள்ளே ஏதோ
மெல்லத் தளும்பிக்கொண்டிருந்தது.