ஆறாவது வீடு

சாங்கி முனையில் படகு
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் கிளம்பும்.
என் அலுவலகமும் அப்படித்தான்.
தலை எண்ணிக்கை குறைந்தால்
தொகை இருக்க வேண்டிய கட்டத்தில்
ஒரு சிறு கோடு போட்டுவிட்டு
அடுத்த வட்டாரத்துக்குப் போய்விடும்.

அந்தக் கோட்டுக்குள் குடியிருப்பவர்களைப் பார்க்க
மூன்றாவது முறையாக உபின் தீவுக்குப் போகிறேன்.

முதல் தடவை காகிதப் படிவம்.
தீவின் ஒரு மூலையில்
என் பங்குக்குப் பதினொரு வீடு.
மாத வருமானம் எவ்வளவு என்றால்
"எந்த மாதம்?" என்றார் நியோ கிம் சூ.
டுரியான் உதிரும் மாதமா,
பள்ளி விடுமுறையில்
வாடகைச் சைக்கிள் அத்தனையும் வெளியே ஓடும் மாதமா,
மழை இறங்கி
சங்கிலிகளுக்கு எண்ணெய் போடுவது மட்டுமே
வேலையாக இருக்கும் மாதமா.
எல்லா மாதத்தையும் கூட்டி வகுத்தேன்.
ஜெனரேட்டருக்கு ஊற்றிய டீசலைக் கழிப்பதா,
பின்பக்க ஓடையில் பிடித்துத் தின்ற மீனைச் சேர்ப்பதா என்று
கையேட்டைப் புரட்டினேன்.
மீன் பதினான்காம் பக்கத்தில் இருந்தது.
டீசல் எங்கும் இல்லை.

பதினொன்றையும் ஏறுவரிசையில் நிறுத்தினால்
ஐந்து கீழே, ஐந்து மேலே,
நடுவில் கிம் சூவின் வீடு.
எனக்குத் தெரிந்த மலாயில்
"நீங்கள்தான் தெங்ஙா" என்றேன்.
சிரித்தார்.
இடப்பக்கம் காடு, வலப்பக்கம் கடல்,
நடுவில்தானே இருக்கிறேன் என்றார்.

இரண்டாம் சுற்றில் ஒன்பது.
இன்றைக்குக் கையில் தொடுதிரை,
எண்ணினால் ஏழு.
ஹலிஜாவின் கதவில் பூட்டு,
பூட்டின் வாயில் குளவி கட்டிய மண்.
மகளோடு பாசிர் ரிஸ் போய்விட்டாராம், பதினோராம் மாடி.
ஓங் தியாம் ஹோக்கை மண்டாயில் எரித்தார்கள்.
மற்ற இருவரைப் பற்றிக் கேட்டபோது
கைகள் தண்ணீருக்கு அப்பால் நீண்டன.
போன நால்வரும்
என் பழைய பட்டியலின் அடி நால்வர்.

ஏழில் நடு நான்காவது.
முன்பு எட்டாவதாக இருந்த வீடு அது,
கடலுணவுக் கடை வைத்திருக்கும் ரித்வானுடையது.
அந்த வருட வெள்ளியை இந்த வருட வெள்ளியாக்கி
விலைவாசியைக் கழித்த பிறகும்
இடைநிலை வருமானம் ஏறியிருந்தது.
திரையில் ஒரு பச்சை அம்பு.

யார் கையிலும் ஒரு காசு கூடவில்லை.
கிம் சூவுக்கு அதே சைக்கிள்கள், அதே மழை.
ஆனால் என் வரிசையில் அவர்
நடுவிலிருந்து இறங்கி
கடைசிக்கு முந்தியவர் ஆகியிருந்தார்,
உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழாமலே.
இதை எந்த மொழியில் சொல்வது?
தண்ணீர் போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஹலிஜாவுக்கு அந்தப் பதினோராம் மாடியில்
தனி வருமானம் என்று ஒன்றில்லை,
மகளின் சம்பளத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருப்பார்.
ஒரு மூலையையே உயர்த்திவிட்டுப் போனவர்
அங்கே மின்தூக்கியில்
எந்தப் பொத்தானை அழுத்துவதென்று
யாரிடமாவது கேட்டுக்கொண்டிருக்கலாம்.
பாசிர் ரிஸின் இடைநிலை மயிரிழையும் அசைந்திருக்காது.

மேலாளர் பெரின்பா தொலைபேசியில் சொன்னாள்,
"ஏழு வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.
பக்கத்து வட்டாரங்களிடம் கடன் வாங்கி மதிப்பிடு.
பிழை எல்லையை அகலமாகப் போடு."
பக்கத்து வட்டாரத்தைப் பார்த்தேன்.
அலையடித்துக்கொண்டிருந்தது.

படகுத்துறையில் என்னோடு எட்டுப் பேர்.
இருட்டத் தொடங்கியும் வேறு யாரும் வரவில்லை.
காலி இடங்களுக்கும் சேர்த்துக் கொடுத்தால்
இப்போதே எடுக்கிறேன் என்றார் படகோட்டி.
என் நான்கு வெள்ளியோடு
இன்னும் பதினாறு வெள்ளி எண்ணிக் கொடுத்தேன்.

பயணப்படிக்கான படிவத்தில்
கூடுதல் செலவுக்குக் காரணம் கேட்டிருந்தது.
நான்கு பேர் வரவில்லை
என்று எழுதி அனுப்பினேன்.